காவல் படகுக்கு நான் கொடுத்த கடிதம்

2025.01.25 ஆம் திகதி சனிக்கிழமை மு.ப. 9.40 மணிக்குக் கற்பிட்டிப் பொலிஸ் நிலையத்துக்குத் தானாக வந்த நபர் தமிழ் மொழியில் கூறியவாறு எழுதிக்கொள்ளப்பட்டது.

பெயர்: அப்துல் ஸலாம் முஹம்மது நளீம். வயது: 46. தொழில்: மீன்பிடி. முகவரி: கண்டக்குழி, கற்பிட்டி. தேசிய அடையாள அட்டை காண்பிக்கப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி மபாஸாவுடனும் மகள் பஹ்மாவுடனும் வசித்து வருகிறேன். சாதாரண தரப் பரீட்சை வரை படித்திருக்கிறேன். எனக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு உண்டு. எங்கள் கரையில் உள்ள நூருல் பஹ்ர் மீனவர் சங்கத்துக்கு ஏழு வருடங்களாக நானே செயலாளர். சங்கத்தில் என் கையெழுத்துத்தான் திருத்தமாக இருக்கும் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு தகுதி எனக்கு இல்லை.

ஜௌபர் என்பவர் என் மனைவியின் மூத்த சகோதரர். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவருடைய தங்கையை நான் திருமணம் முடிப்பதற்கு முன்பே நாங்கள் இருவரும் பதினொரு வருடங்கள் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். அவரை நான் மச்சான் என்று அழைப்பேன்; என் மனைவி அண்ணன் என்ற பொருளில் நாநா என்பார். எனக்கும் அவருக்கும் முன்பு எந்தக் கோபதாபமும் இருந்ததில்லை. கோபத்தினால் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேனா என்று என்னிடம் கேட்கப்பட்டது. இல்லை.

2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஒரு நாள், திகதி சரியாக ஞாபகம் இல்லை, நான் தனியாகக் கடலில் நின்றபோது காலை எட்டு மணியளவில் இலக்கம் அழிக்கப்பட்ட ஒரு படகு என் படகோடு வந்து அணைந்தது. அதில் நான்கு பேர் முகத்தைத் துணியால் மூடிக் கட்டியிருந்தார்கள். ஒருவர் கையில் தடி இருந்தது. நால்வரும் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை. படகின் முன்பக்கம் போய் உட்காரும்படி கையால் காட்டினார்கள். நான் உட்கார்ந்தேன். அதன் பின்னர் என் இஞ்சினைக் கழற்றித் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மாலை வரை மிதந்துகொண்டிருந்தேன். பொழுது சாய்கிற நேரம் ஜௌபர் மச்சான் தன் படகில் தேடி வந்து என் படகைக் கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். நான் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தான் போட்டிருந்த சேர்ட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்.

"இஞ்சின் போனாப் போகட்டும் மச்சான். ஆள் கெடச்சதே போதும்" என்று சொன்னார்.

அந்தப் பருவத்தில் எங்கள் பகுதியில் இவ்வாறு கடலில் வைத்து இஞ்சின் பறிக்கப்பட்ட படகுகள் ஐந்து. அதன் பின்னர் சங்கக் கூட்டம் வைத்தோம். ஒரு காவல் படகு வைத்துக்கொள்வது என்றும் அதற்கு ஜௌபரைப் பொறுப்பாகப் போடுவது என்றும் தீர்மானித்தோம். அவருடைய பெயரைச் சொன்னவன் நான். ஒருவரும் மறுக்கவில்லை. தில்லையடியைச் சேர்ந்த ஸாஜித் என்பவரை ஜௌபர் தனக்கு உதவியாகச் சேர்த்துக்கொண்டார். சங்கம் ஒரு படகும், கடலில் போகும் வழியைப் பதிந்து வைக்கும் கைக்கருவியான ஜிபிஎஸ் ஒன்றும் கொடுத்தது. கடலுக்குப் போகும் படகுகள் எல்லாம் காலையில் தாங்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைத் தொலைபேசியில் ஜௌபருக்குச் சொல்ல வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தோம்.

அதற்கு அடுத்த வாரம் ஜௌபர் என் வீட்டுக்கு வந்தார். வெளியூர்ப் படகுகள் தடைசெய்த வலை போடுகின்றன என்றும், நிறுத்தச் சொன்னால் நீ யார் என்று கேட்கிறார்கள் என்றும் சொன்னார். "ஒரு கடிதம் எழுதித் தாங்க. மிச்சத்த நான் பாத்துக்கொள்றன்" என்றார். நான் அலுமாரியிலிருந்து சங்கத்தின் கடிதத் தாளையும் முத்திரையையும் எடுத்து மேசையில் வைத்து அவர் முன்னாலேயே எழுதினேன். இக்கடிதத்தைக் கொண்டுவரும் எமது காவல் படகு கடலில் எந்தப் படகையும் நிறுத்திச் சோதிக்கலாம், தடைசெய்யப்பட்ட வலைகளையும் உபகரணங்களையும் கைப்பற்றிச் சங்கத்தில் ஒப்படைக்கலாம், சகலரும் ஒத்துழைக்கவும் என்று அதில் எழுதியிருந்தேன். பொருள் பறிகொடுத்தவர் சங்கத்துக்கு வந்து விசாரிப்பதற்கு வசதியாக அவரிடம் கடிதத்தின் பிரதி ஒன்று கொடுக்கப்பட வேண்டும் என்ற வரியையும் நானாகவே சேர்த்தேன். கையொப்பமிட்டு முத்திரை குத்தினேன்; பின்னர் எடுத்த போட்டோப் பிரதிகளிலும் முத்திரை குத்திக் கொடுத்தேன். நீதியாக நடக்க வேண்டும் என்பதற்காக அந்த வரியைச் சேர்த்தேன்.

இவ்விடத்தில் என்னிடம், கடலில் ஒரு படகை நிறுத்தவும் அதிலுள்ள பொருளை எடுக்கவும் ஒரு சங்கத்துக்கு அதிகாரம் உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை. அரசாங்கத்துக்குத்தான் அந்த அதிகாரம் உண்டு. அது எனக்கு அப்போதும் தெரியும். கடற்றொழில் அலுவலகத்தில் நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்கள் என்று தெரிந்ததனால் கேட்கவில்லை.

முதல் மாதத்திலேயே ஜௌபர் இரண்டு வெளியூர்ப் படகுகளிலிருந்து தங்கூசி எனப்படும் தடைசெய்த நைலோன் வலைகளைப் பிடித்துக் கொண்டுவந்தார். அவற்றைக் கரையில் போட்டு எரித்தோம். எல்லோரும் வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எங்கள் கரைப் படகுகளில் இஞ்சின் பறிப்பது அத்தோடு நின்றுபோனது.

2024 ஆம் ஆண்டு மார்ச் மாதம் மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒருவர் என் வீட்டைத் தேடி வந்தார். அவர் கையில் என் கடிதத்தின் பிரதி இருந்தது. காவல் படகு தன்னுடைய இஞ்சினைக் கொண்டுபோய்விட்டது என்று சொன்னார். சங்கத்தில் இஞ்சின் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை. நான் ஜௌபரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "தங்கூசி வலையோட புடிபட்டவன் மச்சான். ஒங்கள்ட்ட வேற என்ன செல்லுவான்?" என்றார். நான் அந்த மனிதரிடம் விசாரிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டை மேசை லாச்சியில் வைத்தேன். அது இன்று காலை வரை அங்கேதான் கிடந்தது. அதையும் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன்.

உடப்பைச் சேர்ந்த இராசையா என்பவரும் அவருடைய மருமகன் தனஞ்சயனும் சென்ற நவம்பர் மாதம் கண்டக்குழிக் கரைக்கு வந்து வாடி, அதாவது தங்கித் தொழில் செய்யும் கொட்டில், போட்டார்கள். இராசையாவுக்கு அறுபத்தொரு வயது. வாடி போட இடம் காட்டிக் கொடுத்தவன் நான். அவர் அதிகம் பேசமாட்டார். கடலுக்குப் போகாத நாட்களில் என் வீட்டு வாசலுக்கு வந்து பத்திரிகை வாங்கி, கடைசிப் பக்கம் வரை வாசித்து, மடிப்புக் கலையாமல் திருப்பித் தருவார். அவர்களுடைய படகில் நாற்பது குதிரை வலு உள்ள புதிய இஞ்சின் பூட்டியிருந்தது.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போன இருவரும் 15 ஆம் திகதி கரைக்குத் திரும்பினார்கள். மறுநாள் வியாழக்கிழமை, ஜனவரி 16 ஆம் திகதி, நான் விடிகாலை சுபஹ் தொழுகை முடிந்து வரும்போது அவர்கள் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். இராசையா எனக்காகக் கொண்டுவந்த பனங்கட்டிப் பொதியை வாடியில் வைத்திருப்பதாகவும் வந்து தருவதாகவும் சொன்னார்.

அன்று மாலை அவர்கள் திரும்பவில்லை. பொழுது பட்டு மஃரிப் தொழுகை நேரம் வரை பார்த்துவிட்டு ஜௌபரிடம் கேட்டேன். காலையில் இராசையா தனக்குத் தொலைபேசி எடுத்ததாகவும், இங்கே மீன் இல்லை, தெற்கே உடப்புப் பக்கமாக வலை இழுத்துக்கொண்டு போகிறோம் என்று சொன்னதாகவும் அவர் சொன்னார். "அவங்கட ஊர்ப் பக்கம்தானே. கரையில எங்கயாவது ஏறி ஈப்பாங்க" என்றார். படகுகள் அவருக்குத்தான் தகவல் சொல்லும் என்பதால் ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் நான் அதையே ஒரு தாளில் எழுதி, காணாமற்போன படகு கடைசியாகக் கண்டக்குழிக்குத் தெற்கே கரையோரமாகச் சென்றதாகத் தகவல் என்று கையொப்பமிட்டுக் கடற்படை முகாமில் கொடுத்தேன். அவர்கள் அந்தத் தகவலின்படி தெற்கே தேடினார்கள். எங்கள் கரையிலிருந்து போன எட்டுப் படகுகளும் தெற்கேதான் போயின.

நான் ஜௌபரோடு காவல் படகில் போனேன். ஸாஜித் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளியும் சனியும் இரண்டு நாட்கள் நாங்கள் இருவரும் நுரைச்சோலை, உடப்பு என்று கரையைப் பார்த்தபடி மேலும் கீழும் ஓடினோம். அந்த நாட்களில் வாடைக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கிப் பலமாக அடித்துக்கொண்டிருந்தது. இஞ்சின் நின்ற படகு இந்தக் காற்றுக்குக் கரையோரம் நிற்காதே, வெளியே அல்லவா போயிருக்கும் என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அவரிடம் கேட்டேன். "அவங்க கரையோரமாப் போனாங்கண்டு என்ட காதால கேட்டன் மச்சான்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நாங்கள் புறப்படும்போது இராசையாவின் மகள் சுஜாந்தி, அதாவது தனஞ்சயனின் மனைவி, உடப்பிலிருந்து முதல் பஸ்ஸில் கரைக்கு வந்திருந்தார். தாயார் யோகாம்பாள் சமைத்துக் கொடுத்ததாகச் சொல்லி நான்கு சோற்றுப் பார்சல்களைப் படகில் வைத்தார். இரண்டு உங்களுக்கு, இரண்டு கண்டுபிடித்தால் அவர்களுக்கு என்று சொன்னார். ஜௌபர் அவருடைய தலையில் கை வைத்து, "அழாத தங்கச்சி. நான் கொண்டு வாரன்" என்றார். பகல் ஒரு மணியளவில் நாங்கள் இருவரும் எங்கள் பார்சல்களைப் பிரித்துச் சாப்பிட்டோம். மாலையில் கரைக்கு வரும்போது மற்ற இரண்டும் கெட்டுப்போய்விடும் என்று சொல்லி ஜௌபர் அவற்றையும் பிரித்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். அவர் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேடுவதை நிறுத்திக்கொண்டோம். ஜௌபர்தான் போதும் என்று சொன்னார்.

21 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலையில் வெளிக்கடலில் நின்ற ஒரு பலநாள் படகு, கரையிலிருந்து நூறு கடல் மைல்களுக்கு அப்பால், இஞ்சின் இல்லாத ஒரு பைபர் படகைக் கண்டது. அதில் தனஞ்சயன் உயிரோடு இருந்தார். இராசையா அதற்கு முந்திய நாள் பகல் இறந்திருந்தார். அவர்கள் இருவரையும் புதன்கிழமை விடியற்காலை சிலாபத்துக்குக் கொண்டுவந்தார்கள். தனஞ்சயன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்.

23 ஆம் திகதி வியாழக்கிழமை இராசையாவை உடப்பில் அடக்கம் செய்தார்கள். நான் போயிருந்தேன். சுஜாந்தி என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார். தகப்பன் இறந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பின்னர் ஒருவர் வந்து, தனஞ்சயன் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார், சிலாபத்துக்குப் போங்கள் என்றார். நான் பஸ்ஸில் போனேன்.

தனஞ்சயன் கட்டிலில் சாய்ந்து இருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகத்தான் பேசினார். "நாளைக்கு மறுநாள் பொலிசுக்கு எல்லாம் சொல்லப்போறன் நாநா. அதுக்கு முதல் உங்கட முகத்தப் பாத்து ஒண்டு கேக்க வேணும் எண்டு இருந்தன். நாங்கள் உங்களுக்கு என்ன செஞ்சனாங்கள்?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னேன். அதன் பின்னர் அவர் கூறியதை என் ஞாபகத்தில் உள்ளபடி சொல்கிறேன்.

16 ஆம் திகதி காலை பத்து மணியளவில், கண்டக்குழிக்கு வடக்கே, குதிரைமலைக்கு மேற்கே வெகு தூரத்தில் அவர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது காவல் படகு வந்தது. ஜௌபரும் ஸாஜித்தும் இருந்தார்கள். முகத்தை மூடியிருக்கவில்லை. வலை தடைசெய்த வலை என்று ஜௌபர் சொன்னார். இராசையா, இல்லை, தொட்டுப் பாருங்கள் என்று சொன்னார். ஜௌபர் தொட்டுப் பார்க்கவில்லை. விசாரணை முடியும்வரை இஞ்சின் சங்கத்தின் பொறுப்பில் இருக்கும் என்று சொல்லிக் கடிதத்தின் பிரதியை நீட்டினார். தனஞ்சயன் கொடுக்க மறுத்து இஞ்சினைப் பிடித்துக்கொண்டார். இராசையா கடிதத்தை முழுவதும் வாசித்துவிட்டு மருமகனுடைய கையை எடுத்துவிட்டார்.

"மாமா சொன்னார், இது நளீம் நாநாட கையெழுத்து, விடு, சண்டை பிடிக்காத எண்டு. நாங்கள் கரைக்கு வந்து நளீமோட கதைக்கிறம், அவர் நியாயம் சொல்லுவார் எண்டு அவங்களிட்டயும் சொன்னார்" என்றார் தனஞ்சயன்.

அதன் பின்னர் இஞ்சினையும், இருவருடைய தொலைபேசிகளையும், துடுப்பையும் எடுத்துக்கொண்டார்கள். இஞ்சினை இறக்கி வைத்துவிட்டு வந்து கட்டி இழுத்துச் செல்வதாகச் சொல்லிப் போனார்கள். அவர்களுடைய படகில் ஐந்து லீற்றர் கான் ஒன்றில் தண்ணீர் இருந்தது. சங்கத்துக் கடிதம் கையில் இருக்கிறது, மாலைக்குள் ஆள் வரும் என்று இராசையா சொன்னதால் முதல் நாள் அவர்கள் தண்ணீரை அளந்து குடிக்கவில்லை. இரவு சோறு சமைக்கவும் அந்தத் தண்ணீரையே ஊற்றினார்கள். இரண்டாம் நாள் காலையில் அரைக் கானுக்கும் குறைவாக இருந்தது. அன்றும் இராசையா படகின் முன்பக்கம் உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். "நளீம் நாநா தெரிஞ்சா விடமாட்டார், ஆள் அனுப்புவார் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார் மனுசன்" என்றார் தனஞ்சயன். மூன்றாம் நாளிலிருந்து தன் பங்கைக் குடித்ததாகக் காட்டிவிட்டு மருமகனுக்கே விட்டிருக்கிறார். அது அவர் இறந்த பிறகுதான் தனஞ்சயனுக்குத் தெரிந்தது.

தனஞ்சயனின் தலையணைக்குக் கீழே அந்தப் பிரதி இருந்தது. உப்புத் தண்ணீர் பட்டு முத்திரை கரைந்திருந்தது. எழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்தது. அது என் கையெழுத்துத்தான்.

நான் இல்லை, எனக்குத் தெரியாது என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. "அப்ப ஆருக்கு நாநா தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

அதன் பின்னர் கண்டக்குழிக்குத் திரும்பி, காவல் படகின் ஜிபிஎஸ்ஸை மின்கலம் மாற்றித் தருவதாகச் சொல்லி ஜௌபருடைய வீட்டிலிருந்து வாங்கிவந்தேன். அது சங்கத்துச் சாமான் என்பதால் அவருடைய மனைவி எதுவும் கேட்காமல் எடுத்துத் தந்தார். அதில் 16 ஆம் திகதி போன வழி அழிக்கப்படாமல் இருந்தது. காலை 10.05 க்குக் காவல் படகு குதிரைமலைக்கு மேற்கே இருபது மைலில் நின்றிருந்தது. முக்கால் மணித்தியாலம் ஒரே இடத்தில் நின்றிருந்தது. அங்கிருந்து நேராகக் கடலேரியான களப்புக்குள் வந்து, அன்று முழுவதும் வெளியே போகவேயில்லை. கட்டி இழுக்க அவர்கள் திரும்பிப் போகவில்லை. அடுத்த இரண்டு நாட்களும் நானும் அவரும் தேடிய வழி அதிலேயே தெற்கே கோடு கோடாகக் கிடந்தது. அந்தக் கருவியை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

24 ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின்னர் கரையில் ஜௌபரைச் சந்தித்தேன். அவர் காவல் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

நான், "மச்சான், போன வியாழக்கிழமை நீங்க எங்க நிண்டீங்க?" என்று கேட்டேன்.

"ஜிபிஎஸ்ஸ பாத்துட்டுத்தானே வந்தீக்கிறீங்க" என்றார்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "இஞ்சின வச்சிட்டு இழுத்து வரத்தான் நெனச்சன். அந்த மனுசன் செல்றாரு, நளீம்ட்ட வந்து கதைக்கிறம், நளீம் நாயம் செல்லுவாருண்டு. அதுக்குப் பொறகு நான் எப்படி அவங்களக் கரைக்குக் கொண்டு வாரது? நீங்களே செல்லுங்க."

"ரெண்டு நாள் என்ட பக்கத்துல ஈந்து தேடினீங்களே" என்றேன்.

"தேடாம ஈந்தா ஒங்களுக்கு வெளங்கியிருக்குமே" என்றார். அதன் பின்னர், "நான் ஒருத்தரையும் கொல்லல்ல மச்சான். வேற போட் ஏதாவது கண்டு எடுக்கும்ண்டுதான் நெனச்சன். காத்து அப்படி அடிக்கும்ண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். முப்பது வருடங்களுக்கு மேல் அந்தக் கடலில் தொழில் செய்தவர் அவர். தை மாதத்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதை எனக்குக் காட்டித் தந்தவரும் அவர்தான்.

நான், "என்ட இஞ்சினையும் நீங்கதானா?" என்று கேட்டேன்.

அவர் வாளியில் தண்ணீர் மொண்டு படகின் உள்ளே ஊற்றினார். மறுபடியும் மொண்டு ஊற்றினார்.

நான் பொலிஸுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவர் அதற்குக் கோபப்படவில்லை. தனியாகப் போனால் கடிதம் எழுதியவன் என்று உங்களையும் சேர்த்துப் பிடிப்பார்கள் என்று சொன்னார். "நாளைக்கு சுபஹ் தொழுதுட்டு நானே வாரன். பொலிஸ் கேற்றடியில நில்லுங்க. ரெண்டு பேருமா உள்ள போவம். கடிதம் எழுதினதத் தவிர ஒங்களுக்கு ஒண்டும் தெரியாண்டு நான் என்ட வாயால செல்றன்" என்று சொல்லி என் தோளில் கை வைத்தார். அவருடைய கை ஈரமாக இருந்தது. நான் சரி என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடித்த பிறகு, "சனிக்கிழம அந்தப் புள்ள குடுத்த சோத்த நாநா தின்டாரா?" என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன். அவர் எழுந்து அடுப்படிக்குள் போனார். அதன் பின்னர் வெளியே வரவில்லை.

பறிக்கப்பட்ட இஞ்சின் இப்போது எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்கப்பட்டது. எனக்குத் தெரியாது. களப்புக் கரையில் எங்கேயோ இறக்கியிருக்கிறார்கள் என்பது ஜிபிஎஸ் வழியைப் பார்த்தால் தெரியும். ஸாஜித் எங்கே இருக்கிறார் என்றும் கேட்கப்பட்டது. தேடுதலுக்கு முன்னிருந்தே நான் அவரைக் காணவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரமே எல்லாம் தெரிந்திருந்தும் இன்று மு.ப. 9.40 வரை ஏன் வரவில்லை என்றும், சந்தேகநபர் தப்பிப் போவதற்கு நான் நேரம் கொடுத்தேனா என்றும் என்னிடம் கேட்கப்பட்டது.

நான் இன்று காலை ஆறரை மணியிலிருந்து இந்தப் பொலிஸ் நிலையத்துக் கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். கேற்றில் நின்ற உத்தியோகத்தர் இரண்டு தடவை என்ன விடயம் என்று கேட்டார். இன்னொருவர் வரவேண்டும் என்று சொன்னேன். ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் ஜௌபருக்குத் தொலைபேசி எடுத்தேன். தொலைபேசி வேலை செய்யவில்லை. மின்கலம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். எட்டரை மணிக்கு ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றபோது அவர்தான் என்று எண்ணி எதிரே போனேன். வேறு யாரோ இறங்கினார்கள்.

ஒன்பதரை மணிக்கு என் மனைவி நடந்து வந்தார். தன் சகோதரனுடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். அவருடைய செருப்பிலும் உடுப்பின் ஓரத்திலும் மணல் ஒட்டியிருந்தது.

"நாநா இல்ல. காவல் போட்டும் இல்ல. சுபஹுக்கு முந்தியே தள்ளியீக்காங்க" என்று சொன்னார். நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போமா என்று கேட்டேன். அவர், "நீங்க உள்ள போங்க" என்றார். நான் போகாமல் நின்றபோது கேற்றை அவரே தள்ளித் திறந்துவிட்டார். இப்போது அவர் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே, நான் அவருக்கு நேரம் கொடுத்தேனா என்ற கேள்விக்கு என் பதில்: ஓம், கொடுத்தேன். தப்பிப் போகட்டும் என்று கொடுக்கவில்லை. அவர் வருவார் என்று நம்பினேன்.

தமிழில் எழுதப்பட்ட இவ்வாக்குமூலம் எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலாலும் இதைச் சொல்லவில்லை. கடிதம் எழுதியது சம்பந்தமாக எனக்கு எதிராக வரக்கூடிய பகுதிகளை நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவை உட்பட அனைத்தும் உண்மை என ஏற்றுக் கீழே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. ஸ. மு. நளீம்
2025.01.25, பி.ப. 12.15